விரலால் பார்க்க ஒரு மில்

பார்வை முழுதாகப் போன பிறகு என் மனைவி எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தாள். டிவி போடட்டுமா என்றால் "உங்க இஷ்டமுங்க" என்பாள். சாப்பிட என்ன வேண்டும் என்றாலும் அதே பதில்தான். அதனால் ஒரு நாள் சாயங்காலம் அவளாகவே வாயைத் திறந்து கேட்டபோது, படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, எங்க மில்லு மேல இருந்து பாத்தா எப்படிங்க இருக்கும்?"

பரமத்தி வேலூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் அவள் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவள், மில் மூடும்வரை இருந்தாள். நாமக்கல்லில் எங்கள் தெருமுனையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். கேட்டுக்கு உள்ளே கொண்டுபோய் இறக்கும். வேலை முடிந்தால் உள்ளேயே ஏற்றிக்கொண்டு திரும்பும்.

"உள்ள ஒவ்வொரு மூலையும் தெரியுமுங்க. வெளிய நின்னு அது என்ன வடிவத்துல இருக்குதுன்னு பாத்ததே இல்ல. அப்பத் தோணுல. இப்பத் தோணுது."

கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருக்கும் என்றேன். பல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கேட்டாள். ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் செங்குத்து என்று கையை ஆட்டிக் காட்டினேன். கையை ஆட்டி என்ன பயன்? லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவதுதான் என் தொழில். எனக்கு வரையத் தெரியும், சொல்லத் தெரியாது.

சென்னையில் இருக்கும் மகளுக்கு போன் செய்தேன். அவள் பிள்ளைகள் விளையாடி முடித்த பிளாஸ்டிக் பிளாக்குகள் ஒரு சாக்கு நிறைய அவள் வீட்டில் கிடந்தன. மேலே உருண்டையாகக் குமிழ் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் கவ்விக்கொள்ளும், அந்த ரகம். பார்சலில் அனுப்பிவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மில்லுக்குப் போனேன். கேட்டில் பூட்டு. காம்பவுண்ட் சுவரை ஒட்டிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தேன். கூரையின் மேல்பக்கத்தை செல்போன் மேப்பில் பார்த்துக்கொண்டேன். பிறகு, பிளாக்குகளைத் திரையிலேயே அடுக்கிப் பார்க்கும் ஒரு சாஃப்ட்வேரைத் தேடி எடுத்து, வேலை விட்டு வந்த சாயங்காலங்களில் உட்கார்ந்தேன்.

மில் அவள் மடியில் நிற்கவேண்டும். அந்த அளவுக்குச் சுருக்கினால் தண்ணீர் டேங்க் ஒற்றைப் பிளாக்காகிவிடும், விரலுக்கு ஒன்றும் சொல்லாது. எனவே டேங்க்கை மட்டும் உயர்த்தினேன். கண்ணால் பார்ப்பவருக்கு அது தப்பு. விரலுக்கு அதுதான் சரி என்று பட்டது. கூரைதான் பாடாய்ப்படுத்தியது. பல்லின் சரிவுப் பக்கம் தகரம், செங்குத்துப் பக்கம் வெயில் விழாத வெளிச்சத்துக்காக வடக்கு பார்த்த கண்ணாடி. தகரப் பக்கத்தில் குமிழ்களை அப்படியே விட்டேன். கண்ணாடிப் பக்கத்தில் தட்டையான துண்டுகளைப் பதித்து வழவழப்பாக்கினேன். தொட்டதும் வடக்கு எது என்று தெரிந்துவிடவேண்டும். கூரையைத் தூக்கினால் உள்ளே மெஷின் வரிசைகள். அவள் நின்ற இடத்தில் மட்டும் ஓர் உருளை.

திரையில் நின்ற கூரை கையில் கட்டியபோது நடுவில் தொய்ந்தது. தூண் கொடுத்தேன். மில்லிலும் அதே இடத்தில் தூண் இருந்ததாக அவள் சொன்னாள். எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

"என்ன கலருங்க?" என்று கேட்டாள்.

"கெடச்சதெல்லாம் போட்டிருக்குது அம்மிணி. செவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்."

"பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சாட்ட இருக்கும் போங்க," என்று சிரித்தாள். சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பிளாக்குகளை ரகம் பிரித்துத் தருகிறாயா என்றபோது மட்டும் "நீங்களே பண்ணுங்க" என்று கையை இழுத்துக்கொண்டாள். அலுப்பு என்று நினைத்தேன்.

முடித்து மடியில் வைத்தேன். இரண்டு கைகளாலும் அணைத்து, மெல்ல மேலே போனாள். "இது டேங்க்குங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். கை கூரைக்கு வந்தது. முன்னும் பின்னுமாக ஓடியது.

"கண்ணாடி எந்தப் பக்கம்னு தெரியுதா?"

"எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குதுங்க."

என் வடிவமைப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். கூரையை மட்டும் பிரித்து, தகரப் பக்கத்தில் வரி விட்டு வரி உயர்த்தி, கரடுமுரடாக மறுபடி கட்டினேன். திரும்பவும் மடியில் வைத்தேன். அவள் விரல் குமிழ்களின் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"இதுதானுங்க கண்ணாடி," என்றாள். "வழவழன்னு இருக்குது."

அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் குமிழ் மேல் அழுத்தினேன். விரலை எடுத்தபோது சதையில் வட்டம் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"வலிக்கலையா?"

"எதுக்குங்க?"

விரலை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள். "கொஞ்ச நாளாவே விரலுக்குத் துணி சுத்துனாட்ட இருக்குதுங்க. நீங்க ஆசையா உக்காந்து பண்ணிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

சர்க்கரையால் பாதம் மரத்துப்போனது எங்களுக்கு முன்பே தெரியும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுத்தான் நடப்பாள். கைக்கும் அது வரும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் ஒரு நைலான் இழையால் அவள் விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். அவள் பல இடங்களில் பேசாமலே இருந்தாள். "போனது திரும்பறது கஷ்டம். இருக்கறதக் காப்பாத்தப் பாப்போம்," என்றார். கண்ணுக்கும் முன்பு ஒருவர் இதையேதான் சொல்லியிருந்தார்.

இன்னும் பெரிதாகக் கட்டினால் உள்ளங்கைக்காவது தெரியுமே என்று திரையில் மறுபடி ஆரம்பித்தேன். அவள் மௌஸ் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "விடுங்க," என்றாள். விட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், "அதக் குடுங்க," என்று கேட்டாள். கொடுத்தேன். தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முகத்தைக் கூரையின் மேல் மெதுவாக இழுத்தாள். "இங்க குத்துது," என்றாள். திருப்பி மறு பக்கம் இழுத்தாள். "இங்க இல்ல. அப்ப இதுதான் வடக்குங்களா?"

"ஆமா அம்மிணி."

கூரையின் இன்னொரு பல்லைத் தேடினாள். கன்னத்துக்கு எட்டவில்லை. உதட்டால் தேடினாள். டேங்க் நெற்றியில் இடித்துக் கழன்று கீழே விழுந்தது. அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. விழுந்ததைத் தேடுகிற சாக்கில் தரையில் குனிந்துகொண்டேன்.

"போதுங்க," என்றாள். "மூஞ்சிய வெச்சு எவ்வளவுதான் பாக்கறது? எடுத்து வெச்சிருங்க."

அதன்பிறகு அவள் மில்லைப் பற்றிக் கேட்கவில்லை. எதைப் பற்றியும் கேட்பது திரும்ப நின்றுபோயிற்று. கம்ப்யூட்டரில் அந்த டிராயிங் அப்படியே இருக்கிறது, நான் திறப்பதில்லை.

பட்டறையிலிருந்து வந்ததும் அவள் பாதங்களை மடியில் வைத்து, விரலிடுக்கில் காயம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். இப்போது கைகளையும் பார்க்கிறேன். சூடான டம்ளரைப் பிடித்தாலும் அவளுக்குத் தெரிவதில்லை. நேற்று கட்டைவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் இருந்தது. எப்போது, எதில் பட்டது என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.

மருந்தைத் தடவினேன். தடவி முடித்தது தெரியாமல் கையை நீட்டியபடியே இருந்தாள். "ஆச்சு," என்று சொன்ன பிறகுதான் மடக்கிக்கொண்டாள்.