தேவையற்ற பணியிடங்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அரசாங்கத்தில் ஆளையும் செலவையும் குறைக்க வழி சொல்லும்படி ஒரு கமிட்டி போட்டார்கள். அதற்கு டைப் அடிக்க என்னை அனுப்பினார்கள். நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தவள் நான். இங்கிலீஷ், மலையாளம் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ். என் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று செக்ரட்டேரியட்டில் ஒரு பேர் உண்டு. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. எல்லாவற்றையும் கையால்தான் எழுதுவார். சர்க்கார் பள்ளிக்கூடம் நடத்தட்டும், ஆஸ்பத்திரி நடத்தட்டும், ஹோட்டலும் தொழிற்சாலையும் எதற்கு என்று கேட்டிருந்தார். சரிதானே என்று அடிக்கும்போது எனக்கும் தோன்றியது. பிறகு தேவையற்ற பணியிடங்களின் பட்டியல் வந்தது. மூன்றாம் பக்கத்தில் என் விரல் நின்றுவிட்டது. 'டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வருவதால் தேவையில்லை.'

பக்கங்களை ஒத்துப் பார்க்கும் கிளார்க், பாலக்காட்டுத் தமிழ்ப் பெண், எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஒரு வரியை விட்டுடுங்கோ அக்கா. ஒத்துப் பாக்கறது நான்தானே? சாருக்கு ஓர்மை இருக்காது."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, அந்த வரியைப் புள்ளி பிசகாமல் அடித்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரருக்குக் கிழக்கேகோட்டையில் பாத்திரக்கடை. சர்க்கார் ஆபீசில் பாதிப் பேர் தண்டம் என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"இப்ப எழுதியே குடுத்தாச்சு. அந்தப் பாதியில நானும் உண்டு" என்றேன்.

அவர் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. "உன்னையா? உன்னை நான் சொல்லல்லியே."

"பின்ன ஆரைச் சொன்னிய?"

"வேலை செய்யாதவனை."

"லிஸ்ட்ல அப்படி ஒரு போஸ்ட் இல்ல."

மறுநாள் தலைவரிடம் பக்கங்களைக் கொடுத்தபோது, என் பணியிடமும் அதில் இருப்பதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதை என்னையே டைப் அடிக்க வைத்தோமே என்று அவருக்குச் சங்கடம். "எதிர்ப்புண்டெங்கில் எழுதித் தரூ" என்றார்.

ஒரு பக்கம் எழுதினேன். டைப் அடிக்க ஆள் வேண்டாம் என்பது சரி. ஆனால் மனுக் கொடுக்க வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு உதவ ஆள் வேண்டும். கட்டட வேலையில் விழுந்து இறந்தவனின் மனைவி, தமிழ் மட்டும் தெரிந்தவள், மனுவில் எதை எழுதுவது என்று தெரியாமல் மூன்று முறை திரும்பிப் போனாள். நான்காம் முறை, சாப்பாட்டு நேரத்தில், நான் எழுதிக் கொடுத்தேன். அது என் வேலை இல்லை. யாருடைய வேலையும் இல்லை. அந்தப் பணியிடத்தை முதலில் உண்டாக்குங்கள். பிறகு என்னுடையதை எடுங்கள்.

தலைவர் இரண்டு தடவை படித்தார். தனக்கு இதில் சம்மதமில்லை என்று மலையாளத்தில் சொன்னார். ஒவ்வொரு குறைக்கும் ஓர் ஆளைப் போட்டுப் போட்டுத்தான் சர்க்கார் இப்படி வீங்கிவிட்டதாம்.

"குறை இருக்கற இடத்துல போடலியே சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார், வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். மேலே ஓரத்தில் 'அப்படியே சேர்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தைச் சிறிதாக்கச் சொல்லும் அறிக்கையின் கடைசிப் பக்கமாக, ஒரு டைப்பிஸ்ட் எழுதியது போயிற்று.

அறிக்கை அலமாரிக்குள் போனது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஓய்வு பெற்றவர்களின் இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டார்கள். நானும் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து, மனு எழுத உதவுவதற்குக் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போடப்போவதாகச் சர்க்குலர் வந்தது. என் பக்கத்தை யாராவது படித்தார்களா, தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. அந்த வேலையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

முதல் நாளே, தமிழும் மலையாளமுமாக, வரிசை வாசல்வரை நின்றது. சேலையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.