சிஸ்டர் வாங்கிச் சென்றார்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு இருபத்தாறு ஆண்டுப் பணி. பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ‘ரெக்கார்டு அக்கா’தான். மாடிப்படிக்குக் கீழே, ஒற்றைச் சன்னல் கொண்ட ஓர் அறை. கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகளில் பிறந்தவரும் இறந்தவரும் பிழைத்து வீடு போனவரும் எண்வரிசையில் அடுக்கப்பட்டிருந்தனர். எந்தக் கோப்பைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள் என்பார்கள். அது மிகை. கண்ணாடி போடாமல் எடுத்துத் தருவாள் என்பதே சரி.

பதிவேடுகளுக்கென்று அவள் இரண்டு சட்டங்கள் வகுத்திருந்தாள். பிழை நேர்ந்தால் சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. எழுதியது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். இது முதலாவது. இரண்டாவது, மரியாதை. நோயாளியின் உடைமையை யார் வாங்கிப் போனாலும் ‘அக்கா வந்துச்சு, மச்சான் எடுத்துட்டுப் போச்சு’ என்று வீட்டு வழக்கில் எழுதக் கூடாது. “இது பதிவேடு ஆயாம்மா, குழாயடி இல்ல” என்று வார்டு ஆயாவை அவள் கடிந்துகொண்டதை இரண்டு தளமும் கேட்டிருந்தது. அந்த இரண்டாவது சட்டமே பின்னாளில் அவள் காலை வாரியது.

குடியிருப்பு, தம்பி வீட்டின் பின்னறை. அங்கே கட்டிலை ஒட்டிய பலகையில், பழுப்புத் தாள் அட்டையும் எண் எழுதிய சீட்டும் போட்டு, அவளுடைய புத்தகங்கள் நின்றன. எல்லாம் ஒரே வகைக் கதை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குளிர்நாடு. மலைச்சரிவில் கன்னியர் மடம். அங்கே ஒரு கொலை. துப்பறிபவள் மடத்தின் மருந்துத் தோட்டத்தைக் கவனிக்கும் நடுவயதுக் கன்னியாஸ்திரி. மொழிபெயர்ப்பில் வந்த பன்னிரண்டு தொகுதிகளும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வாள். எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான். ஒன்றை இருமுறை வாங்கியிருந்தாள்.

“பாடப் புத்தகம் மாதிரி அட்டை போட்டு வெச்சிருக்கீங்களேக்கா, உள்ள தொறந்தா பக்கத்துக்கு ஒரு பொணம்!” என்பாள் தம்பி மனைவி.

“எல்லாம் எண்ணூறு வருஷத்துப் பொணம். நாறாது.”

“அந்தச் சாமியாரம்மாகிட்ட அப்படி என்னதான் இருக்கோ!”

அதற்கு அக்கா பதில் சொன்னதில்லை. பதில் இல்லாமலும் இல்லை. அந்தக் காலத்தில் கைரேகை கிடையாது, ரத்தச் சோதனை கிடையாது. மெழுகுவர்த்தி எவ்வளவு உருகியிருக்கிறது, செருப்பில் ஒட்டியிருப்பது எந்தப் பாத்தியின் மண், மணி அடித்தபோது எந்த இருக்கை காலி என்பவை மட்டுமே தடயங்கள். அவற்றுக்கு ஒரு சோடிக் கண் போதும். சாம்பல்நிற அங்கிக்காரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; அதனாலேயே அவள் எல்லோரையும் பார்த்துவிடுகிறாள். இதெல்லாம் பிடிக்கும்தான். ஆனால் அக்காவைக் கட்டிப்போட்டது வேறொன்று. ஐம்பது வயதுக்குள் உலகம் அவளிடம் சலிக்காமல் கேட்ட கேள்வி, “ஏன் கல்யாணம் பண்ணிக்கல?” பதினொரு தொகுதிகளில் ஒருவர்கூடக் கன்னியாஸ்திரியிடம் அதைக் கேட்கவில்லை. பிரபுவும் பிஷப்பும் குதிரையை விட்டிறங்கி வந்து கேட்டது, “மதர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

இதை அக்கா ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அவள் பொது வார்டின் நர்ஸ். நர்ஸுகளை எல்லோரும் சிஸ்டர் என்றே அழைக்கும் இடமாதலால், உயரத்தை முன்னிட்டு அவள் ‘நெட்டைச் சிஸ்டர்’ ஆனாள். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு அறைக்கு வந்துவிடுவாள். புத்தகங்களை ஒவ்வொன்றாக இரவல் வாங்கிப் படித்து, ஏழாம் தொகுதியை எட்டியிருந்தாள்.

“இதுல போலீஸே வரலையேக்கா. யாராவது சட்டுனு வந்து புடிச்சுட்டுப் போனா நிம்மதியா இருக்கும்.”

“அவசரக் குடுக்கை! கடைசியில எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துல உக்கார வெச்சு அவங்களே சொல்வாங்க பாரு.”

“நீங்க அங்க பொறந்திருந்தா நீங்கதான்க்கா மதர். மதர், அந்த ஊறுகா பாட்டில இப்படித் தள்ளுங்க.”

அப்படி ஒரு மதியத்தில்தான், சாப்பிட்டுக்கொண்டே அவள் வீட்டுக் கவலையையும் சொன்னாள். “அப்பாவுக்கு இப்ப சுத்தமாக் கேக்கலக்கா. இடது காதுல மட்டும் ஏதோ கொஞ்சம். கத்திக் கத்தி என் தொண்டை போயிடுச்சு. ஒரு காது மிஷின் வாங்கித் தரணும். வெளிய சொல்லிக்காதீங்க, அவருக்கு ரோஷம் அதிகம்.”

பொது வார்டில் பன்னிரண்டாம் படுக்கையில் இருந்தவர் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர். காய்ச்சலில் படுத்தவர். தனிக்கட்டை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவருடைய காது மிஷின் மேசைமேல் இல்லை. நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் குனிந்து கேட்டார்.

“பெரியவரே, காது மிஷின் எங்க?”

“ஆச்சு, சாப்பிட்டாச்சு.”

“மிஷின்! மிஷின்!”

“ஊசியா? இப்பத்தானேம்மா போட்டாங்க! இடுப்புல இனி எடமே இல்ல.”

அடுத்த கட்டிலில் சிரித்தார்கள். மேட்ரன் சிரிக்கவில்லை. உடைமைப் பதிவேட்டைக் கேட்டு ரெக்கார்டு அறைக்கு வந்தார். அக்கா விரித்தாள். அன்றைய தேதியில், ஆயாம்மாவின் கோணல் எழுத்தில் ஒரே வரி: ‘12 காது மிஷின். சிஸ்டர் வாங்கிச் சென்றார்.’

ஆயாம்மாவைக் கேட்கலாமென்றால், மகளின் பிரசவத்துக்காக அன்று மதியமே வெளியூர் கிளம்பியிருந்தாள். வர ஒரு வாரமாகும்.

மேட்ரன் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

இருபத்தாறு ஆண்டுகளில் அந்த அறையில் யாரும் கேட்டிராத கேள்வி. அக்காவின் கையில் மயிர் சிலிர்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அது மகிழ்ச்சி. ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிவேட்டைக் காட்டினாள். பிறகு பணிப் பட்டியலை எடுத்து, அன்று மதியம் வார்டில் இருந்த ஒரே சிஸ்டர் யார் என்று காட்டினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கொலைக்குக் காரணம் வேண்டும் என்று கன்னியாஸ்திரி சொல்வதுண்டு. குரலைத் தாழ்த்தி, “அவ அப்பாவுக்குக் காது கேக்காது” என்றாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு, பணி மாறும் நேரத்தில், எல்லோர் முன்னிலையிலும் நெட்டைச் சிஸ்டரின் பை மேசையில் கவிழ்க்கப்பட்டது. காலி டிபன் பெட்டி, சீப்பு, மடித்த உள்ளாடை, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். கடைசியாகப் பழுப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்று விழுந்தது. சீட்டில் ‘7’ என்ற எண், அக்காவின் கையெழுத்தில்.

“இது யாருது?” என்றார் மேட்ரன்.

நெட்டைச் சிஸ்டர், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரில் தொங்கிய தேதித்தாளைப் பார்த்தாள்.

“லைப்ரரி புக்கு” என்றாள் நெட்டைச் சிஸ்டர்.

காது மிஷின் பையில் இல்லை. இல்லாததும் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. வீட்டுக்கு, அப்பா காதுக்குப் போயிருக்கும் என்றார்கள். அடுத்த மாதம் வார்டுப் பொறுப்பை ஏற்கவிருந்தவளைக் கருவிகள் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். மதியத்தில் ரெக்கார்டு அறைக்கு யாரும் வரவில்லை.

எட்டாம் நாள் காலை, கையில் பூட்டு வைத்த பையுடன் ஒரு முதிய அம்மாள் பொது வார்டுக்குள் நுழைந்து, பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் காதில் மிஷினைத் தானே செருகினார். “டேய், பேட்டரி கதவு ஒடஞ்சிருந்துச்சுடா. எங்க ஊருலதான் இதுக்குக் கடை. நீ தூங்கிட்டிருந்த, எழுப்பல.” அந்த அம்மாள் கடிகாரக்காரரின் உடன்பிறந்த அக்கா.

விடுப்பு முடிந்து வந்திருந்த ஆயாம்மாவை இழுத்துக்கொண்டு மேட்ரன் படி இறங்கினார்.

“சிஸ்டர்னு எழுதியிருக்கியே, நர்ஸையா சொன்ன?”

“நர்ஸ் எதுக்கு வாங்கணும்? அவரோட சிஸ்டரும்மா! கூடப் பொறந்தவங்க!” ஆயாம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள். “‘அக்கா’ன்னு எழுதினா மரியாதை இல்ல, குழாயடின்னு நீங்கதானே திட்டுனீங்க? அதான் யோசிச்சு யோசிச்சு, மரியாதையா எழுதுனேன்.”

அக்கா பதிவேட்டை விரித்து அந்த வரியை மறுபடி படித்தாள். ஆயாம்மா போன பின் மேட்ரன் தாழ்ந்த குரலில், “அவள மறுபடி வார்டுக்குப் போட்டுடறேன். யார் சொன்னதுன்னு அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த வரியில வெள்ளை மை பூசிடுங்க” என்றார்.

“சரி” என்றாள் அக்கா.

மூன்று நாள் அந்தச் ‘சரி’யோடு வாழ்ந்தாள். வெள்ளை மைப் புட்டி மேசையில் திறவாமல் இருந்தது. நெட்டைச் சிஸ்டர் வார்டுக்குத் திரும்பினாள். சாப்பாட்டை மட்டும் எங்கோ தனியே சாப்பிட்டாள். மூன்றாம் நாள் இரவு, வீட்டில் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். “யாரு செத்தாங்க இன்னிக்கு?” என்று தம்பி மனைவி வழக்கம்போல் கேலி செய்தபோது, அக்கா எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள்.

ஆறாம் தொகுதியைச் சும்மா கையில் எடுத்தாள். விளிம்பைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. விரல்பட்டுப் பக்கங்கள் எல்லாம் கறுத்திருக்க, நடுவே ஓரிடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. பிரித்தாள். பத்தாம் அத்தியாயம். கன்னியாஸ்திரி தவறான ஒருவனைச் சந்தேகித்துவிட்டாள். பனியில் நடந்து அவன் குடிசைக்குப் போய், கதவைத் தட்டி, தன் தவறைத் தன் வாயால் சொல்கிறாள். இரண்டே பக்கம். எட்டாம் தொகுதியை எடுத்தாள், மூன்றாம் தொகுதியை எடுத்தாள். எல்லாவற்றிலும் அப்படி நடந்து போய்ச் சொல்லும் இடம் இருந்தது, எல்லாவற்றிலும் அந்தப் பக்கங்கள் புதிதாகவே இருந்தன. பிணமும் இல்லை, துப்பும் இல்லை என்று அவள் எப்போதும் தாண்டிப்போன இடம்.

மறுநாள் காலை பதிவேட்டில் ‘சிஸ்டர்’ என்ற சொல்லின்மேல் ஒற்றைக் கோடு போட்டு, ‘நோயாளியின் உடன்பிறந்த அக்கா’ என்றெழுதினாள். பக்கத்தில் கையெழுத்து. அதற்குக் கீழே, சட்டத்தில் இல்லாத ஒரு வரி: ‘தவறாகப் படித்தவர், பதிவறைப் பொறுப்பாளர்.’ மாலையில் நெட்டைச் சிஸ்டரின் வீட்டுக்கு நடந்தாள். நெருக்கமான தெரு; ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்மும்.

கதவைத் திறந்தவர் அப்பா.

“உங்க பொண்ணப் பாக்கணும்” என்றாள்.

“ஆமா, பொண்ணுதான். ஒரே பொண்ணு.”

“நான் ஆஸ்பத்திரியிலேருந்து வரேன்! அவ மேல பழி போட்டது நான்தான்!”

“பழமா? எதுக்கும்மா செலவு? வெச்சுட்டுப் போ.”

வெறுங்கையை அவள் பின்னால் மறைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. மாடியில் துணி எடுத்தவள் துணியும் கையுமாக நின்றாள். திரும்பிப் போய்விடலாம், அவர் காதில் எதுவும் விழவில்லை.

“பழி! பழிங்க!” மேட்ரனிடம் தாழ்த்திய குரலை உயர்த்திக் கத்தினாள். “அவ எடுக்கல! நான்தான் மேட்ரன்கிட்ட சொன்னேன்! உங்களுக்குக் காது கேக்காதுன்னும் நான்தான் சொன்னேன்!”

“போதும்க்கா.” அப்பாவின் தோளுக்குப் பின்னால் நெட்டைச் சிஸ்டர் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. “தெரு முழுக்கக் கேட்டாச்சு. இவருக்குத்தான் கேக்கல.”

“உனக்கு…”

“எனக்கு அன்னிக்கே தெரியும். அப்பா விஷயத்த உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதக் கண்டுபுடிக்க மதர் எதுக்கு?” உள்ளே போய் ஏழாம் தொகுதியைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தாள். “பாதிதான் படிச்சேன். யாரு பண்ணாங்கன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சுக்க இஷ்டமில்ல.”

அக்கா புத்தகத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கத் திரும்பினாள்.

“எங்க போறீங்க?” என்றாள் நெட்டைச் சிஸ்டர். “என் பையைக் கொட்டுனத இவருகிட்ட இன்னும் நான் சொல்லல. எப்படிக் கத்திச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். வந்தவங்க நீங்களே சொல்லிட்டுப் போங்க. கத்த வேணாம். இடது காது. பக்கத்துல போய்ச் சொன்னா கேக்கும்.”

முதியவர், ஏதோ நல்ல சேதி வருகிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்துக் கொடுத்தார். எதிர்வீட்டுச் சன்னல் இன்னும் மூடவில்லை. அக்கா புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டு, அந்தக் காதருகே குனிந்து, முதலிலிருந்து தொடங்கினாள்.