ரோபோவுக்கு முன்னால் பெருக்குகிறவர்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறவரை எல்லோரும் முத்திரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் அது உருப்படியா, உதவாக்கரையா என்று முத்திரை குத்துகிறவர் அவர். வாங்குகிறவர்கள் வேறு, மல்லுக்கட்டுகிறவர் இவர். இந்தச் சின்ன விஷயம் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இன்னும் எட்டவில்லை.

இயந்திரங்கள் மேல் அவருக்குப் பகை கிடையாது. துணி துவைக்கும் மிஷினைக் கூடப்பிறந்த பிறப்பு என்பார். தோள்பட்டையைக் காப்பாற்றியது அதுதானாம். வெங்காயம் நறுக்கும் டப்பாவுக்கோ மரண தண்டனை. "ரெண்டு வெங்காயம் நறுக்க ஒரு நிமிஷம், இதுக்குப் பல்லு விளக்கிவிடப் பத்து நிமிஷம்!"

மூன்றாம் மாடி டீச்சரின் கணவர் வங்கியில் அதிகாரி. தானே பெருக்கும் ரோபோவை வாங்கி வந்தவர் அவர்தான். தட்டுபோல வட்டமாக இருந்த அது, முதல் நாளே ஒரு சாக்ஸை விழுங்கி விக்கி நின்றது. அன்றிலிருந்து முத்திரையக்காவுக்குப் புது வேலை. நாற்காலிகளை மேசைமேல் ஏற்ற வேண்டும். திரைச்சீலையை முடிந்து கட்டி, கால்மிதியைச் சுருட்டி, ஒயர்களைப் பொறுக்கி, கடைசியில் ரோபோ சிக்காமலிருக்க ஒரு தடவை பெருக்கியும் விட வேண்டும். அப்புறம்தான் அது மாப்பிள்ளைக் களையோடு வீட்டை வலம் வரும். வங்கிக்காரர் அதன் வயிற்றைத் திறந்து காட்டி, "பாத்தியா, வீட்ல தூசியே இல்ல!" என்று மனைவியிடம் பூரிப்பார்.

ஒரு மாதம் போனது. "அக்கா, இனிமே வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தா போதும். மத்த நாளைக்குத்தான் இது இருக்கே" என்றார் வங்கிக்காரர்.

முத்திரையக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டை நம்பித்தான் போன மாதம் வந்த இன்னொரு வேலையை வேண்டாமென்று சொல்லியிருந்தார். அதைவிடச் சுட்டது, தன் கை பெருக்கிய தரைக்கு ஒரு தட்டு பெயரைத் தட்டிக்கொண்டு போவது.

"சரி சார். நாளைக்கு நான் ஒண்ணையும் தொடமாட்டேன். அது தனியா பெருக்கிருச்சுன்னா, நீங்க சொன்னபடியே ரெண்டு நாள் வர்றேன்."

"தாராளமா!"

மறுநாள் அவர் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ரோபோ கிளம்பியது. நாற்காலிக் கால்களுக்குள் புகுந்து வழி தெரியாமல் சுற்றியது. வெளியே வந்து கால்மிதியின் குஞ்சத்தைக் கவ்வியது. வங்கிக்காரர் பிய்த்துவிட்டதும் நேரே சோபாவுக்கு அடியில் ஓடி, சார்ஜர் ஒயரைச் சுற்றிக்கொண்டு, "உதவி தேவை, உதவி தேவை" என்று கத்தியது. அவர் இஸ்திரி கலையக் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார்.

"அக்கா, கொஞ்சம் வந்து..."

"ஏன் சார், சாதிச்சா அது, சிக்கினா நானா? ஒரு மாசமா நான் பெருக்கின தரையில அது நடை பழகுச்சு. எனக்கு லீவு குடுக்குறீங்க!"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "நீங்க எழுந்திருங்க. அக்கா எப்பவும் போல தினமும் வருவாங்க."

"வர்றேன் டீச்சரம்மா. ஆனா இந்தத் தட்டுக்கு எடுபிடி வேலை பாக்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அப்படியே முடிவாயிற்று. வங்கிக்காரர் மட்டும் ரோபோவைக் கைவிடவில்லை. தப்பான சாமானை வாங்கிவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட முதுகு வலி அவருக்குச் சுலபம். விடுமுறை நாட்களில் அவரே நாற்காலி தூக்குகிறார், ஒயர் பொறுக்குகிறார், "இப்படி வா, அங்க போகாத" என்று அதன் பின்னாலேயே ஒன்றரை மணி நேரம் நடக்கிறார். போன வாரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தம்பியிடம் போனில் சொன்னார்: "நீயும் ஒண்ணு வாங்குடா. கையையே அசைக்க வேண்டாம்."

சமையலறையில் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது. கை தவறி விழுந்ததல்ல.