காருக்கு எதிரே குத்திய சீல்

லம்பா லைனில் உள்ள வாடகை ஸ்கூட்டர் கடையில் சேர்ந்தபோது எனக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் கொடுத்தார்கள். கப்பலேறிப் போகவேண்டிய என் ஊர் ஹட் பேயில் அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். நான் ஆங்கிலம் வாசிப்பேன், அதனால் கிடைத்த நாற்காலி அது. முதலாளி திருநெல்வேலிக்காரர். தீவு இந்தியில் வெளுத்துக் கட்டுவார், ஆங்கிலக் காகிதத்தைக் கண்டால் மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவார். "ஏலே, நல்லா வாசிச்சுப் பாத்துக் குடு."

வெளிநாட்டுக்காரருக்கு வண்டி கொடுக்க பாஸ்போர்ட் வேண்டும், அவர் ஊர் லைசன்ஸ் வேண்டும், கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்கிற சாம்பல் நிறச் சிறு புத்தகமும் வேண்டும். மழை விட்டிருந்த ஒரு காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் மூன்றையும் மேஜையில் வைத்தார். கழுத்தில் பைனாகுலர். சிடியா டாப்பு பக்கம் பறவை பார்க்கப் போகிறாராம். புத்தகத்தில் படத்தைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், சீல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. சாவியைக் கொடுத்தேன். கடை வாசலில் ஒரு சுற்று வந்தார், திருப்பத்தில் வண்டி கொஞ்சம் ஆடியது. "போகப் போகப் பழகிவிடும்" என்றபடி கிளம்பினார்.

எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸை ரெஜிஸ்டரில் கோக்கும்போதுதான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முழுதாகப் பார்த்தேன். ஆங்கில எழுத்து ஏ முதல் ஈ வரை ஐந்து வரிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் சீல் குத்த ஒரு வட்டம். ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி என்றால் கார். சீல் பி-க்கு எதிரில் மட்டும் இருந்தது. ஏ வட்டம் காலி.

தோட்டத்து ஆபீசிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "சீல் இருக்கா பாரு" என்பார். இருக்கிறது என்றதும் மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிடுவார். நான் பட்டப்படிப்பு வரை வந்துவிட்டேன், ஆனால் அன்று காலை அந்தப் புத்தகத்தை அப்பா மாதிரிதான் பார்த்திருக்கிறேன்.

முதலாளி, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். நடந்தது வேறு யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அந்த அம்மையார் ஒழுங்காகத் திரும்பிவிட்டால் எப்போதும் தெரியப்போவதுமில்லை. நான் பின்னால் போனால் விஷயம் வெளியே வந்துவிடும், நாற்காலி போய்விடும். போகாமல் இருந்து அவர் எங்காவது விழுந்துவிட்டால், இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். கடைக்கு வந்த இரண்டு பேரை "பாத் மே ஆயியே" என்று பிறகு வரச்சொல்லி அனுப்பினேன். அந்த அம்மையாருக்கு நாலு முறை போன் போட்டேன். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. மெக்கானிக்கைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இன்னொரு ஸ்கூட்டரை எடுத்தேன்.

சிடியா டாப்பு கடற்கரைக்கு முன்னால் இருக்கும் டீக்கடையில் அவர் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் கீறல் ஏதும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் படித்தார்.

"காருக்கு வாங்கினால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிட்டேன். நீங்கள்கூடக் காலையில் பார்த்தீர்களே?"

"பார்த்தேன் மேடம். சீலை மட்டும்."

அவர் புத்தகத்தை மூடினார். "சரி, நான் ஓட்டக்கூடாது. நீங்கள் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள்."

கையில் ஹெல்மெட்டோடு நின்றேன். என்னிடம் இருந்தது வெறும் எல்எல்ஆர், அதாவது ஓட்டிப் பழகத் தரும் சீட்டு. பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. டெஸ்டுக்கு இரண்டு முறை தேதி வாங்கினேன், இரண்டு முறையும் ஊருக்குப் போன இடத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் ஓடாமல் மாட்டிக்கொண்டேன். கஸ்டமர்கள் சிரிக்கிறார்கள் என்று பழகுகிறவர் வண்டியில் கட்டாயம் இருக்கவேண்டிய சிவப்பு எல் எழுத்தையும் நானே கிழித்துவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியானால், இன்றைக்கு இந்தச் சாலையில் நம் இருவரில் ஒருவர்கூடச் சட்டப்படி வரவில்லை" என்றார் அவர். கோபமாகத் தெரியவில்லை. கணக்கு ஆசிரியர் விடையைச் சொல்வது போலச் சொன்னார். அவரைப் பின்னால் ஏற்றிக்கொள்வதா, அவர் வண்டியை நான் இழுத்துக்கொண்டு போவதா என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

டீக்கடைக்கார அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "க்யா ஹுவா பையா, காடி கராப்?" வண்டி பழுதா என்று கேட்டாள். பழுது இல்லை, லைசன்ஸ்தான் இல்லை என்றேன். "தோனோ கா?" இரண்டு பேருக்குமா என்று கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இரண்டு சாவியையும் வாங்கிச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டாள். "யஹீ சோட் தோ. சோர் லேகே ஜாயேகா கஹான், சமுந்தர் மே?" இங்கேயே விட்டுவிட்டுப் போ, திருடன் எடுத்துக்கொண்டு எங்கே போவான், கடலுக்குள்ளா என்றாள்.

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். அவர் ஜன்னல் வழியே ஒரு பறவையைக் காட்டி அதன் பெயரைச் சொன்னார். என் மனதில் தங்கவில்லை.

முதலாளியிடம் நானே சொன்னேன்.

"ஒன்னைய எதுக்குலே சேர் போட்டு ஒக்கார வச்சிருக்கேன்? வாசிக்கத்தானல!"

"ஆமாங்க அண்ணாச்சி."

"ரெண்டு வண்டியையும் காட்டுல விட்டுட்டு பஸ்ல வந்து எறங்குதாரு தொர. ஒனக்கு லைசன்ஸ் இல்லாதது எனக்குத் தெரியாதாக்கும்? அத ஏம்ல அந்தம்மாகிட்டப் போயிச் சொன்ன?"

"பின்னால ஏறிக்கிறேன்னாங்க, அண்ணாச்சி."

மேஜையிலிருந்த ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "லைசன்ஸ் வாங்குற வரைக்கும் நீ சேர்ல ஒக்காரப்பிடாது. வண்டி தொட." மறுநாள் அவரே மெக்கானிக்கோடு போய் இரண்டு வண்டிகளையும் எடுத்து வந்தார். நான் துணியும் வாளியுமாக நின்றபோது அந்த அம்மையார் கடையைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார். கையை ஆட்டிவிட்டுப் போனார், உள்ளே வரவில்லை.

மூன்றாம் முறை ஊருக்குப் போகாமல் இருந்து டெஸ்ட் கொடுத்தேன். கார்டு வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"சீல் இருக்கா?"

"இதுல சீலெல்லாம் இல்லப்பா. பிளாஸ்டிக் கார்டு."

"அப்ப ஆபீசுக்கே போயி ஒருக்கா கேட்டுக்கிட்டு வந்துரு."

போகவில்லை. ஆனால் கார்டை முன்னும் பின்னும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். நாற்காலி திரும்பக் கிடைத்த அன்றே முதலாளி ஒரு சாவியை மேஜைமேல் எறிந்தார். கடையில் இருந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களில் ஒன்றின் சாவி அது. "துறைமுகத்துல ஒரு பார்ட்டி நிக்காரு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

"அத நான் எடுக்கக்கூடாதுங்க அண்ணாச்சி. எனக்குக் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுந்தான் குடுத்திருக்காங்க."

அவர் என்னையும் நான் நீட்டிய கார்டையும் பார்த்தார். "வாசிச்சுட்டியாக்கும்" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு அவரே போனார்.