சுபலட்சுமியின் எட்டு இஞ்சுப் பை

சமயநல்லூர் சுபலட்சுமியிடம் ஒரு பையைக் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. வாங்கி மடித்துப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், ஜிப்பை நாலு தரம் இழுத்து நாலு தரம் மூடுவாள். கடைசியில், "தூரப் போடுங்க" என்று கையில் கொடுத்துவிடுவாள். கேட்டவர் முகம் சுண்டிப்போகும். அதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. பை விஷயத்தில் அவள் ஒரு தரம் நன்றாகப் பட்டிருக்கிறாள்.

அவளுக்குத் தொழில், கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது. முதலில் ஜாக்கெட்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பரவையில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனபோது, மதுரையிலிருந்து வரவேண்டிய மேக்கப் பெண் வந்து சேரவில்லை. வீடே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. இருந்த சாமான்களை வைத்துச் சுபலட்சுமி போட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கே மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தது, தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள்.

அவள் கைராசிக்கு ஒரு காரணம் உண்டு. மகளைச் சிவப்பாக்கிக் காட்டு என்று கேட்கும் அம்மாக்களுக்கு அவள் மசிய மாட்டாள். "உங்க மகள உங்க மகளாத்தான் காட்டுவேன். வேற பொண்ணு வேணும்னா வேற ஆளப் பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பெண்ணின் தாடைக்குக் கீழே, கழுத்தில், ஒரு பார்வை பார்ப்பாள். மூன்று குப்பி ஃபவுண்டேஷனைக் கலந்து அந்த நிறத்தை அப்படியே கொண்டுவந்துவிடுவாள். கடையில் விற்கிற எந்தக் குப்பியிலும் நம்மூர்ப் பெண்களின் நிறம் இல்லை என்பது அவள் கட்சி. எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கொழும்பில் அந்தச் சறுக்கல் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, அவளாகத் தேடிக்கொண்டது.

அதே ஊரில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம் மலையம்மாளுடையது. மூத்த மகளுக்குக் கொழும்பில் சம்பந்தம் அமைந்தது, கல்யாணமும் அங்கேயே. நிச்சயதார்த்தத்துக்கு ஊரில் சுபலட்சுமிதான் போட்டிருந்தாள், எல்லோருக்கும் பரம திருப்தி. கல்யாணத்துக்கும் அவளையே விமானத்தில் கூட்டிப்போக முடிவாயிற்று. முகத்துக்குப் போடும் சாமான்களைப் பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்ப அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டி மறுநாள் வந்து சேர்ந்தால் முகூர்த்தம் அதுவரைக்கும் காத்திருக்குமா? கையிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தாள். கையில் கொண்டுபோகிற திரவம் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிப் பையில் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

கண்ணாடிப் பைக்கு மதுரையில் யார் கடைக்குப் போவார்கள்? எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் ஒரு டஜன் விழும். பட்டுப்புடவை எடுத்தால் ஜவுளிக்கடையில் ஜிப் வைத்த கவரில் போட்டுக் கொடுப்பார்கள். புடவை கிழிந்தாலும் கவரைத் தூக்கி எறிய நம் பெண்களுக்கு மனம் வராது. சுபலட்சுமி, தன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த புடவையின் கவரை உருவி, இருபத்திரண்டு குப்பிகளை அதில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மதுரை விமான நிலையத்தில் சோதனை செய்த அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஒரு லிட்டர் பிடிக்கிற பைக்குத்தான் அனுமதி, இதில் ஒரு குடும்பமே குளிக்கலாம் போலிருக்கிறதே என்று. பின்னால் வரிசை நின்றது. சுபலட்சுமி அவசர அவசரமாகப் பாதிக் குப்பிகளை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மீதியோடு கவரை இரண்டாக மடித்துத் தூக்கிக் காட்டினாள். ஏழு வருஷம் பீரோவில் மடிந்து கிடந்த கவர் அது. மடிப்பு விழுந்த கோட்டிலேயே பட்டென்று பிளந்தது. மணப்பெண்ணுக்கென்று மூன்று நாள் உட்கார்ந்து கலந்த ஃபவுண்டேஷன் கண்ணாடிக் குப்பியில் இருந்தது. தரையில் விழுந்து தெறித்து, அந்த அம்மாளின் பூட்ஸ் எல்லாம் அந்தப் பெண்ணின் நிறம்.

கொழும்பில் இறங்கி, கிடைத்த கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டாள். மண்டப விளக்கு வெளிச்சத்தில் பெண்ணின் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆல்பம் வந்ததும் மலையம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு சுபலட்சுமி வீட்டுக்கே வந்தாள். "எம்மக மொகத்துல விபூதிய அள்ளிப் பூசி வச்சிருக்க. இனி எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றாள். தப்பு சுபலட்சுமியுடையது, அது அவளுக்கே தெரியும். ஆனால் மலையம்மாள் அந்த ஆல்பத்தைப் போகிற விசேஷ வீட்டுக்கெல்லாம் கொண்டுபோனாள். அந்த வருஷம் சமயநல்லூரைச் சுற்றி ஒரு வீட்டில்கூடச் சுபலட்சுமியைக் கூப்பிடவில்லை. மதுரை டவுனில் கிடைத்ததை வைத்து ஓட்டினாள். சொந்த ஊரில் தலையெடுக்க முடியாமல் போனதுதான் அவளை அறுத்தது.

இரண்டு வருஷம் கழிந்தது. இந்தச் சித்திரையில் ஒரு நாள் மலையம்மாளின் இளைய மகள் பவதாரிணி போனில் கூப்பிட்டாள். அவளுக்கு வைகாசியில் கல்யாணம், சிங்கப்பூரில். அக்காவின் நிச்சயதார்த்த முகத்தை அவள் மறக்கவில்லை. அதைப் போட்ட கைதான் தனக்கும் வேண்டும் என்று வீட்டில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்திருக்கிறாள்.

"அம்மா சரின்னுருச்சுக்கா. ஆனா ஒண்ணு சொல்லிவிட்டுச்சு" என்று இழுத்தாள்.

"என்னன்னு சொல்லு."

"அம்மா மொகத்துல மட்டும் ஒங்க கை படக் கூடாதாம்."

சுபலட்சுமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாரேன் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்ததும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது கல்யாணப் பெண்ணின் முகம் இல்லை, பை.

கையில் இஞ்சு டேப்போடு கடை ஏறினாள். ஒரு லிட்டர் பை என்றால் எட்டுக்கு எட்டு இஞ்சு, அதற்கு மேல் போகக் கூடாது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஏழெட்டுக் கடையில் பளபளவென்று தொங்கிய பைகள் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாய் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடப் பை, சூட்கேஸ், சமையல்காரர்கள் மசாலா கொண்டுபோகும் பை என்று சகலமும் வைத்திருப்பவர். நாலு பையை எடுத்துப் போட்டார்.

அவள் முதல் பையை மடித்து, நகத்தால் அழுத்தி, விரித்தாள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. தள்ளி வைத்தாள். இரண்டாவதில் கோடு விழவில்லை, ஆனால் ஓரம் முழுக்கத் தையல் போட்டிருந்தது. தையல் அவளுக்குத் தெரியாததா? ஊசி போன ஓட்டை அத்தனையும் கிழிவதற்குப் போட்ட வழி. மூன்றாவதன் ஜிப் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ஜிப் முடிகிற மூலையை விரலால் நெம்பினால் பிரிந்தது. ஜாக்கெட்டானாலும் பையானாலும் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த மூலைதான். நாலாவதை மோந்துவிட்டு, பிளாஸ்டிக் வாடை தாங்காமல் முகத்தைச் சுளித்தாள்.

பாய்க்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பை வாங்க வந்தாளா, பொண்ணு பார்க்க வந்தாளா என்று கேட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொழும்புக் கதையை மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். பாய் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய், தூசி படிந்த டப்பாவிலிருந்து இரண்டு பைகளை எடுத்து வந்தார். இரண்டும் கனமாக, ரப்பர் போல மடங்கின. ஒன்று கண்ணாடி மாதிரித் துலக்கம். இன்னொன்று லேசாக மங்கல், பார்வைக்குச் சுமார். இரண்டுக்கும் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையாக வைத்திருந்ததால் தானாக நிற்கும். ஓரங்களைச் சூடு வைத்து ஒட்டி, ஜிப் மூலைகளில் மட்டும் பட்டையாகத் துண்டு கொடுத்திருந்தார்கள்.

"அழகு வேணும்னா இது, ஆயுசு வேணும்னா அது. எடுத்துட்டுப் போய்ப் பாரு தங்கச்சி, சரியில்லன்னா திரும்பக் கொண்டா" என்றார் பாய்.

இரண்டையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். உள்ளே நல்லெண்ணெய் தடவி, அக்னி நட்சத்திர வெயிலில் மூன்று நாள் போட்டாள். துலக்கமாக இருந்தது பழுப்பேறி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மங்கல் பை அப்படியே இருந்தது. அதைக் கழுவி, ஜிப்புக்குக் கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பி, துணி காயப்போடும் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். மினி லாரி ஓட்டிவிட்டு மத்தியானம் சாப்பிட வந்த அவள் வீட்டுக்காரன் முத்துப்பாண்டி, மாடியில் தொங்குகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

"என்னையப் பாக்க வந்தப்பகூட உங்கப்பா இம்புட்டுச் சோதிக்கலையே."

"அதான் மாமா, இப்ப அனுபவிக்கிறேன்" என்றாள் அவள், பையின் அடியைத் தடவிக்கொண்டே. ஒரு சொட்டு இறங்கவில்லை. அவளுக்குப் பூரித்துப் போயிற்று, கணவன் எதிரிலேயே அந்தப் பையைத் தட்டிக் கொடுத்தாள்.

இந்தத் தரம் கண்ணாடிக் குப்பி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் விமானத்தில் விடுகிற நூறு மில்லிக்குள். எது இல்லாமல் நடக்காதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டாள். பவதாரிணியைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, அவள் நிறத்தைக் கொல்லையில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக் கலந்து, இரண்டு குப்பியில் பிரித்து ஊற்றினாள். ஒன்று போனால் ஒன்று இருக்கும். ஒவ்வொரு குப்பியிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் பேர் எழுதினாள். பத்துக் குப்பியில் பை நிறைந்து ஜிப் மூடியது. மூடியதைத் திறந்து, தன் சொந்த முகத்துக்கான கிரீமை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சின்னதாக இன்னொரு குப்பியை அந்த இடத்தில் செருகினாள்.

முத்துப்பாண்டி ஒட்டுத்தாளைப் படித்தான். மலையம்மாள் என்று எழுதியிருந்தது.

"ஒனக்குக் கிறுக்கா? அந்தம்மாதான் கையே படக் கூடாதுன்னுருச்சே."

"எட்டு வருசமா அந்த மொகத்தப் பாக்குறேன். எனக்குத் தெரியும், எம்புட்டு மஞ்சள் எம்புட்டுச் சிவப்புன்னு. அது உக்காரும் மாமா."

"உக்காரலன்னா?"

"உக்காரலன்னா திரும்பக் கொண்டாந்துருவேன். பை தாங்கும்."

விமான நிலையத்தில் அதே வரிசை. சோதனையில் வேறொரு பெண் இருந்தாள். பையைத் தூக்கி, ஒரு திருப்புத் திருப்பி, தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக மனசுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த காரியம் மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. சுபலட்சுமிக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் நின்றவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாள்.

சிங்கப்பூரில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில், மணப்பெண் அறைக் கண்ணாடிக்கு முன்னால் அந்தப் பை தானாக நிமிர்ந்து நின்றது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்தாள். பவதாரிணி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தன் முகத்தைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள். மாநிறத்தில் என்ன களை இருக்கிறதோ அத்தனையும் அங்கே இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மலையம்மாள் உள்ளே வந்தாள். வந்தவள் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. மகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள், விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். எந்த வெளிச்சத்திலும் அது அவள் மகளாகவே இருந்தது. சுபலட்சுமி பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மலையம்மாள் தானாகவே பவுடர் பூசியிருந்தாள். அந்த ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்து அது திட்டுத்திட்டாக நின்றது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் துடைக்கக் குனிந்தவளின் பார்வை மேஜைமேல் இருந்த பையில் நின்றது. உள்ளே இருந்த ஒட்டுத்தாள் எல்லாம் வெளியே வாசிக்கிற மாதிரித் திரும்பியிருந்தன.

"இதுல எம்பேரு எழுதியிருக்கு."

"ஆமாம்மா."

"நாந்தான் வேணாம்னு சொல்லிவிட்டேன்ல."

"சொன்னீங்க. இருந்தாலும் கொண்டாந்தேன்."

வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். மலையம்மாள் மகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு புடவை கசங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மகள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சாம்பலடிக்காதுல்ல?"

"அடிக்காதும்மா" என்று சொல்லி, சுபலட்சுமி ஜிப்பைத் திறந்தாள்.

மலையம்மாள் முகத்தை நிமிர்த்திக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.