கழிவறைக்கு உபயதாரர்

எங்கள் நடுநிலைப் பள்ளி அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. நான் அதன் தலைமையாசிரியை. கொடுக்க வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் போகிற போக்கில் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்துவிட்டுப் போவார்கள். நோட்டு, பேனா, தட்டு, டம்ளர் எல்லாம் வரும். சுவர்க் கடிகாரம் மட்டும் வகுப்புக்கு வகுப்பு தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் உபயம் என்று யாரோ ஒரு தாத்தாவின் பெயர். ஒன்று காட்டும் நேரத்தை இன்னொன்று காட்டாது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொடுக்கிறவர் மனம் நோகக் கூடாது என்பது எங்கள் ஆசிரியர் அறையின் எழுதப்படாத சட்டம்.

தண்ணீரை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. அந்த வருஷம் மாசியிலேயே பள்ளி போர்வெல் வற்றிவிட்டது. குடிக்க ஊராட்சிக் குழாய் இருந்தது. கழிவறைக்கு ஒரு சொட்டு இல்லை. பையன்கள் புதர்ப் பக்கம் ஓடிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? மனு எழுதி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். முறைப்படி வரும் என்றார்கள். முறைப்படி வருவதற்குள் பரீட்சையே வந்துவிடும்.

அந்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. குழுவின் தலைவி, பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஒரு தாய். மகள் எங்களிடம் ஏழாவது படிக்கிறாள். எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"என் பொண்ண நிறுத்திடலாம்னு இருக்கறேன், டீச்சர்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எந்த வீட்டுப் பிள்ளை நின்றாலும் அந்த வாசலில் போய்ச் சண்டை போட்டு இழுத்து வருகிறவளே அவள்தான். நீயே இப்படிச் சொன்னால் மற்றவர்களிடம் நான் எந்த முகத்தோடு பேசுவது என்று கத்திவிட்டேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. மகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். குடித்தால் போக வேண்டி வருமே! நீர்க்கடுப்பு வந்து பெரியாஸ்பத்திரிக்கு நடையாய் நடந்திருக்கிறார்கள்.

"போன ஆடியில வயசுக்கும் வந்துட்டா. இனிமே எப்படி அனுப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க."

பௌர்ணமி வரைக்கும் பொறுத்துக்கொள், கொடுக்க வருகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன்.

பௌர்ணமிக்கு எங்கள் மைதானத்தில் அன்னதானம் போடுகிறவர் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளி வாசலில் தன் அப்பா பெயரில் ஒரு வளைவு கட்டித்தர ஆசைப்பட்டு வந்தார். வளைவு வேண்டாம், போரை ஆழப்படுத்தி ஒரு தொட்டி வைத்துக் கொடுங்கள் என்றேன். என் ஆசிரியர்களின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே குழம்பிப்போனார்.

"கக்கூஸ்ல எப்படிங்க எங்கப்பா பேரைப் போடறது?" என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்.

பௌர்ணமியன்று மாலை அவர் மனைவி மலை சுற்றி வந்தார். பள்ளி அருகே வந்ததும் டீக்கடையில் குரலைத் தாழ்த்தி, ஒதுங்க இடம் எங்கே என்று கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரி நேரே எங்கள் கழிவறைக்கு அழைத்துவந்தாள். உள்ளே போனவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போன வேகத்தில் வெளியே வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாளுங்க. எங்க பொண்ணுங்களுக்குத் தினமும் இதான்" என்றாள் அவள். பிறகு அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். திரும்பி வந்தவளிடம், கொடுக்க வந்தவர்களை இப்படியா அனுப்புவது என்று சீறினேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்த அம்மா இவள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டாராம். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் போர் போடும் லாரி வந்து நின்றது. நல்ல வேளையாகத் தண்ணீரும் கிடைத்தது. தொட்டி ஏற்றிய அன்று அந்த அம்மா வந்திருந்தார். பெயர் எங்கே எழுதுவது என்று தயங்கிக் கேட்டேன். அவர் வகுப்புச் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கடிகாரம் ஏதாச்சும் கம்மியா இருந்தா சொல்லுங்க. மாமனார் பேரை அதுல போட்டுக்கறோம்" என்றார்.

கழிவறையைக் கழுவி வைக்கிற வேலையைத் தாய்மார்கள் முறை வைத்து எடுத்துக்கொண்டார்கள். பௌர்ணமியன்று மலை சுற்றும் பெண்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாடு என்னுடையது இல்லை, அவர்களே பேசி முடித்தது.

தொட்டி வந்த வாரம் நான் ஏழாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரியின் மகள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?"

பாட நடுவில் யாரையும் வெளியே விடாதவள் நான். போ என்றேன். குழாயடியில் குனிந்து, கையில் பிடித்துப் பிடித்து, அவள் வயிறு நிறையக் குடித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவள் வரும்வரை கணக்கை எழுதாமல் நின்றேன்.