நட்சத்திரம் தோற்ற வருஷம்

எங்கள் ஊரில் லேப்டாப் வாங்குகிறவர்கள் முதலில் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் வீட்டில் லேப்டாப் கிடையாது.

ஊர் ஆந்திராவில், சத்தியவேட்டுக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. திருப்பதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறது என்று எங்கள் சோஷியல் சார் வந்து சொன்னார். ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொண்டு, அதைச் செய்கிற கம்பெனிகளை ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதற்கு இரண்டு தலைப்புகள்: சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருடைய சரக்கு எவ்வளவு தரம். மற்ற பிள்ளைகள் சோப்பு, பிஸ்கட், பற்பசை என்று எடுத்தார்கள். நான் லேப்டாப் எடுத்தேன். பெரிய ஆர்வமெல்லாம் ஒன்றுமில்லை. அத்தை லேப்டாப் கம்பெனியில் வேலை செய்தாள், அவ்வளவுதான். பிஸ்கட் கம்பெனியில் வேலை செய்திருந்தால் பிஸ்கட்டை எடுத்திருப்பேன். தின்னவும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. தடா பக்கம் புதிதாக வந்திருந்த தொழிற்சாலைகளில் ஒன்றுக்குத் தினமும் போய்வந்தாள். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வரும். நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அதில் ஏறிப் போவார்கள். அந்த பஸ்ஸைச் சுற்றி எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

குடிபாலாவில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் அத்தையைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. நல்ல மனிதர், அத்தையைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அத்தை மாட்டேன் என்றாள். ஒரு வாரம் அவளும் நைனாவும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நைனாவே இறங்கி வந்தார். "கம்பெனி பஸ் வர்ற வரிக்கும் போய்க்கினு வந்துக்கினு இரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். பஸ்ஸு நின்னுச்சுன்னா நான் சொல்றத நீ கேக்கணும்" என்றார். அத்தை உடனே சரி என்றுவிட்டாள். அவள் அங்கே காண்ட்ராக்ட் ஆள். அடுத்த தை மாதம் பர்மனென்ட் ஆக்கிக் கடிதம் கொடுப்பதாக லைன் லீடர் சொல்லியிருந்தார். கடிதம் கைக்கு வந்துவிட்டால் பஸ் எங்கே நிற்கப்போகிறது என்பது அவள் கணக்கு.

இது முழுவதும் எனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்பதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி உண்டு. கேட்டதை என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

கம்பெனிகளின் உண்மையான பெயர்களைச் சொல்லி இப்போது யாருக்கும் லாபமில்லை. மூடியில் போட்டிருந்த அடையாளத்தை வைத்து நாங்கள் கூப்பிட்ட பெயர்களிலேயே சொல்கிறேன். ஒன்று நட்சத்திரம், இன்னொன்று முக்கோணம். கேட்டால் ஏதோ தேர்தல் சின்னம் போல இருக்கும். நானும் அதை ஏறக்குறைய தேர்தலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அத்தை கம்பெனியில் செய்தது நட்சத்திரம். தெலுங்குப் பேப்பரின் வியாபாரப் பக்கத்தில் நட்சத்திரம் முதலிடம், முக்கோணம் இரண்டாமிடம் என்று போட்டிருந்தது. எனக்கு அது போதவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு பேங்க், தாலுகா ஆபீஸ் மாதிரியான மண்டல் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, வாத்தியார் வீடுகள் என்று அலைந்து இருபத்திரண்டு லேப்டாப்புகளை நானே எண்ணினேன். பதிமூன்று நட்சத்திரம், ஆறு முக்கோணம், மூன்று மற்றவை. வட்டப்படம் போடுவதற்கு அத்தையின் கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டேன். கம்பெனிக்குள் வளையல் போட விட மாட்டார்கள். அங்கே மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு ஒயர் பட்டை கொடுப்பார்கள், அதனால் அவளுடைய வளையல்களெல்லாம் பெட்டியில் சும்மாதான் கிடந்தன.

பங்கு முடிந்தது. தரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்கு என்ன எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை அத்தை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். எண்ணெய்க் கையோடு அப்படியே என்னைப் பார்த்தாள். அவள் வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மதியம் சாப்பாட்டில் என்ன போட்டார்கள் என்று அம்மா கேட்பாள். பஸ் ஏன் லேட் என்று நைனா கேட்பார். அங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்கிறாய் என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

அத்தையின் வேலை மூடியைத் திறந்து மூடுவது. நாள் முழுக்க அதுதான். மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்க்கிற கீல் சரியாக இருக்கிறதா என்று கையாலும் காதாலும் பார்க்க வேண்டும். என் கணக்கு நோட்டையே லேப்டாப் மாதிரி பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

"ஓரத்துல இப்பிடி ஒரே வெரல வெச்சித் தூக்கணும். பாதியில கையெடுத்தா நின்ன எடத்துலயே நிக்கணும், தொபுக்குனு விழக்கூடாது. அப்பறம் காதுகிட்ட வெச்சிக் கேளு. கீச்சுன்னு சத்தம் வந்துச்சுன்னா அது ஒரு வருசம்கூடத் தாங்காது."

"நட்சத்திரத்துல வருதா அத்த?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, இப்போது கீல் வேறு இடத்திலிருந்து வருகிறது, முன்பு மாதிரி இல்லை என்றாள். "நான் கீச்சுன்னுதுன்னு எடுத்து அப்பால வெக்கிறேன். அவுங்க அதியே எடுத்து மறுபடியும் லைன்ல வுட்றாங்க. முக்கோணம் ஒண்ண மண்டல் ஆபீஸ்ல தொறந்து பாத்தேன். நல்லாப் பண்ணிக்கிறான். சத்தமே இல்ல." அத்தைக்குப் பொய் சொல்ல வராது. வேலை விஷயத்தில் சுத்தமாக வராது.

நான் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "எத வேணா எழுதிக்கோ. நான் சொன்னேன்னு மட்டும் எழுதாத. பேரு வெளிய வந்துச்சுன்னா என் வேல போயிடும்" என்றாள். சோதித்தவர் பெயர் என்று சார் ஒரு வரி வைத்திருந்தார். அதில் வெறும் கோடு போட்டேன்.

பிறகு இருபத்திரண்டையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தேன். இந்த முறை எண்ணுவதற்கு இல்லை, காது வைத்துக் கேட்பதற்கு. பேங்க்கில் காவலாளி "ஏய் பாப்பா, முட்டுகோவத்து!" தொடாதே என்று தெலுங்கில் அதட்டி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். இருந்தாலும் முக்கால்வாசி கேட்டுவிட்டேன். அத்தை சொன்னது அப்படியே இருந்தது. பழைய நட்சத்திரங்கள் வாய் திறக்கவில்லை, புதியவை கீச்சிட்டன.

திருப்பதிக்கு என்னைக் கூட்டிப்போனது சித்தூர் மாமா, அம்மாவின் தம்பி. சித்தூரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிற சென்டர் தொடங்குவதாக இருந்தார். கண்காட்சிக்கு வந்திருந்த நடுவர், சோப்பையும் பிஸ்கட்டையும் கேட்டுக் களைத்துப் போய் என் மேஜைக்கு வந்தார். நட்சத்திரம்தான் நிறையப் பேரிடம் இருக்கிறது, ஆனால் முக்கோணம்தான் நல்லது, நிறையப் பேர் வாங்குவதும் நல்லதும் ஒன்றல்ல என்று தெலுங்கில் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "அப்படியென்றால் அடுத்த வருஷம் யார் முதலில் வருவார்கள்?" என்று கேட்டார். "முக்கோணம்" என்றேன். அவர் கையோடு கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த லேப்டாப்பையே ஒரு விரலால் தூக்கி, காது வைத்துக் கேட்டு, அதற்கும் தீர்ப்புச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு சோப்புக்குப் போனது, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாமா அந்த வாரமே தன் சென்டருக்கு ஆறு முக்கோணம் வாங்கினார். போகிற இடமெல்லாம் என் பெருமையைப் பேசினார். ஹெட்மாஸ்டர் பள்ளிக்கு இரண்டு வாங்கினார். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கூல்டிரிங்க் கொடுத்து, யோசனை கேட்டு ஒன்று வாங்கினார். என் நோட்டில் முக்கோணத்தின் பக்கம் ஒன்பது கூடியது. ஒவ்வொன்றுக்கும் வளையலை வைத்துப் புது வட்டம் போட்டேன். நட்சத்திரத்தின் துண்டு ஒவ்வொரு வட்டத்திலும் மெலிந்துகொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாசியிலோ பங்குனியிலோ, நாள் நினைவில்லை, பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. நட்சத்திரம் இரண்டாமிடத்துக்கு இறங்கிவிட்டது. முக்கோணம் முதலிடம். தை கழிந்திருந்தும் அத்தைக்குக் கடிதம் வந்திருக்கவில்லை; அதை யாரும் பேசவுமில்லை. நான் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி, சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்கே ஓடினேன். அத்தை சாப்பாட்டுப் பையோடு இறங்கினாள். நோட்டை விரித்து நீட்டினேன். நின்றபடியே படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"நான் சொன்னேன் இல்ல?" என்றேன்.

"ஆமாண்டி, சொன்ன" என்றாள். நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்லா நேரா ஒட்டிக்கிற" என்றாள். வீடுவரை சாப்பாட்டுப் பையைக் கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக நடந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் வாரத்தில் ஆறு நாள் வந்த பஸ் நான்கு நாள் வந்தது, பிறகு மூன்று நாள் வந்தது. ஒரு திங்கட்கிழமை வரவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரத்தில் அத்தை இன்னும் ஊர் முனையில் நின்றுகொண்டிருந்தாள். மற்ற பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். "வா அத்த, போலாம்" என்றேன். "நீ போ. லேட்டா வரும்" என்றாள். அடையாள அட்டை சட்டைப் பையில் இல்லாமல் வெளியே தெரிகிற மாதிரி கழுத்தில் தொங்கியது. லைனை மூடிவிட்டார்கள், ஆர்டர் வேறெங்கோ போய்விட்டது என்று மத்தியானம் போனில் தெரிந்தது.

நைனா வாக்குத் தவறாத மனிதர். பஸ் நிற்கிறவரை வாயே திறக்கவில்லை. நின்ற மூன்றாம் நாள் திறந்தார். அத்தையும் வாக்குத் தவறவில்லை.

எனக்கு அந்த மாதம் ஒரே கொண்டாட்டம். முக்கோணம் ஜெயித்துவிட்டது, வீட்டில் கல்யாணம், எனக்குப் பட்டுப் பாவாடை. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கல்யாணம் சித்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாமா மேடையேறி, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரு முக்கோணம் பரிசளித்தார். தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான் என்று மைக்கில் அறிவித்தார். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதிவரை வளையல். ஓரத்தில் ஒரு விரலை வைத்து மூடியைத் தூக்கினாள். பாதியில் கையை எடுத்தாள். அது நின்ற இடத்திலேயே நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள், மறுபடியும் மூடினாள். "இன்னா ஆச பாரு பொண்ணுக்கு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

நான் நோட்டும் பென்சிலுமாக மேடையேறிப் பக்கத்தில் போய் நின்றேன். "எவ்ளோ மார்க் போடலாம் அத்த?"

"பத்துக்குப் பத்து போடு" என்றாள். கண் நிறைந்திருந்தது. கல்யாணப் பெண்கள் அழுவார்கள் என்பது எனக்குத் தெரிந்ததால் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

அத்தை இப்போது குடிபாலாவில் நன்றாகத்தான் இருக்கிறாள். மாம்பழக் காலத்தில் கூடை அனுப்புகிறாள். சென்னையில் எனக்கு இதே மாதிரி வட்டம் போடுகிற வேலைதான், சம்பளத்தோடு. ஒன்பது லேப்டாப்பால் ஒரு கம்பெனியின் லைன் மூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் செய்தியை வெட்டி ஒட்டி, ஓடிப்போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேனே, அதை நினைத்தால் இன்றும் கூசிப்போகிறேன்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், முக்கோணம், தரம், பத்துக்குப் பத்து என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே, சோதித்தவர் பெயர் என்கிற இடத்தில், அவள் சொன்னதை மறக்காமல் வெறும் கோடு போட்டிருக்கிறேன். அத்தையின் வேலையை நான் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.